கடல் தெரியும் வீடா, கடலுக்குப் போய்வரும் வீடா?

வாசகர் கேள்வி: மார்த்தாண்டத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். கணவருக்கு இங்கே ஹார்டுவேர் கடை. எனக்குக் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. குழித்துறையிலிருந்து ரயிலில் போய்வந்து உடம்பு ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் நாலாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். திருவனந்தபுரத்திலேயே குடியேறிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு என்பது என் சின்ன வயது ஆசை. கொச்சுவேளிப் பக்கம் 5 சென்ட் மனை வந்திருக்கிறது. கடலுக்கு 200 மீட்டர்கூட இல்லை, பின்பக்கம் கால்வாய். பக்கத்து மனைகளின் விலையில் பாதிதான். இந்த மாதக் கடைசிக்குள் 3 லட்சம் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார் புரோக்கர். மாமனாரோ, ‘கடப்புறத்தில் போய் யாராவது வீடு கட்டுவார்களா’ என்கிறார். வாங்கலாமா? இல்லையென்றால் எந்தப் பகுதி நல்லது? பிள்ளைகள் நடக்க, சைக்கிள் ஓட்ட, நீந்த வசதி இருக்க வேண்டும். மனையின் ஆதாரத்தின் (கிரயப் பத்திரத்தின்) நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அவசரமான விஷயம். அந்த 3 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். கடல் அதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம் நீங்கள் அனுப்பிய ஆதாரத்தின் சொத்து விவரத்திலேயே இருக்கிறது. அதில் ‘நிலம்’ என்று எழுதியிருக்கிறது. கேரள வருவாய்க் கணக்கில் அதற்கு நெல்வயல் என்று பொருள். வீடு கட்டும் மனைக்கு அந்த இடத்தில் ‘புரையிடம்’ என்று இருக்க வேண்டும். இப்போது நேரில் பார்த்தால் தென்னை நிற்கலாம், மண் போட்டு நிகத்தி மேடாக்கி மதில்கூடக் கட்டியிருக்கலாம். கணக்கில் வயல் என்றால் சட்டத்துக்கு அது வயல்தான். பாதி விலையின் ரகசியம் அநேகமாக இதுதான்.

கேரளத்தில் 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ‘டேட்டா பேங்க்’ என்று ஒரு பட்டியல் உண்டு. மனை அதில் இருந்தால் வீட்டுக்கு அனுமதி வாங்குவது பெரும் பாடு. பட்டியலில் இல்லாமல், அடிப்படை வரிப் பதிவேட்டில் மட்டும் நிலம் என்று இருந்தால் ஓரளவு வழியுண்டு. வருவாய்த் துறையில் விண்ணப்பித்து, கட்டணம் இருந்தால் கட்டி, தன்மை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதை விற்கிறவர் செய்து முடித்துவிட்டு விற்க வேண்டும். ‘வாங்கிக்கோங்க, அப்புறம் மாத்திக்கலாம்’ என்று சொன்னால், அந்த அலைச்சலும் ஆபத்தும் சேர்ந்துதான் உங்கள் தலையில் விழுகிறது.

புரோக்கர் இன்னொன்றும் சொல்லியிருப்பார்: ‘கார்ப்பரேஷனுக்குள்ளே அஞ்சு சென்ட் வரை வீடு கட்ட விதிவிலக்கு இருக்கு.’ சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மை. அது ஏற்கெனவே அந்த வயலை வைத்திருந்து, குடியிருக்க வேறு மனை இல்லாதவர்களுக்காக வைத்தது. இப்போது விலை கொடுத்து வாங்கப்போகிற நீங்கள் அதை நம்பிப் பணம் போட இடமில்லை. மனையை 5 சென்டாகத் துண்டு போட்டு விற்பதே இந்த வாசகத்தைச் சொல்லி விற்கத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்தது சி.ஆர்.இசட். எனப்படும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து உள்ளே 500 மீட்டர் வரை இதன் கட்டுப்பாட்டில் வரும். எவ்வளவு தூரம் விட்டுக் கட்ட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். நகர எல்லைக்குள் பொதுவாக, ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அங்கீகரித்த கட்டடத்துக்கோ உள்பக்கத்தில், அதாவது கடலுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் புதிதாகக் கட்டலாம். கிராமப் பகுதியில் மக்கள் நெருக்கத்தைப் பொறுத்து 50 மீட்டரோ 200 மீட்டரோ காலியாக விட வேண்டும். உங்களுக்குக் கூடுதல் சிக்கல் பின்பக்கக் கால்வாய். அது பார்வதி புத்தனார் கால்வாய் என்றால், கடல்நீர் ஏறி இறங்குவது எட்டும் நீர்நிலைகளுக்குத் தனி விதி உண்டு. 2019 அறிவிக்கைப்படி கரையிலிருந்து 50 மீட்டர் அல்லது கால்வாயின் அகலம், எது குறைவோ அது. போதாக்குறைக்கு, அந்தக் கால்வாய் கோவளம்–பேக்கல் நீர்வழித் திட்டத்தில் வருகிறது. அகலப்படுத்துவதற்காகக் கரையோர வீடுகளைக் காலி செய்ய வைக்கும் வேலை பல இடங்களில் நடந்திருக்கிறது. ஆக முன்னால் கடல், பின்னால் கால்வாய், நடுவில் வயல் கணக்கு. இந்த மூன்றையும் தாண்டி உங்கள் 5 சென்டில் வீடு எழுப்ப எத்தனை அடி மிஞ்சும் என்று ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள்.

‘இதெல்லாம் பார்த்தா யாரும் கட்டவே முடியாது, கட்டினப்புறம் யார் இடிக்கப்போறாங்க’ என்பார்கள். கொச்சி மரடில் நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் வீடு வாங்கியவர்களும் அனுமதிச் சீட்டு இருக்கிறது என்று நம்பித்தான் வாங்கினார்கள்.

சரி, காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தக் கரையில் வீடு வாங்க நான் சொல்ல மாட்டேன். உங்கள் மாமனார் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. வலியதுறையிலிருந்து சங்குமுகம் வரை ஒரு நாள் நடந்து பாருங்கள். 1956இல் கட்டிய வலியதுறைக் கடல்பாலம் 2021 கடல் சீற்றத்தில் உள்வாங்கியது. சங்குமுகத்தில் விமான நிலையத்துக்குப் போகும் கரையோரச் சாலை அதே வருஷம் இடிந்து, மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. ஒக்கிப் புயல் அடித்த 2017இலிருந்தே அந்த மணல்வெளி சுருங்கி வருகிறது. ஒரு காலத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து கடலை கொறித்த இடத்தில் இப்போது கல் கொட்டியிருக்கிறார்கள். தெற்கே அடிமலைத்துறைப் பக்கம் மணல் சேர்ந்து கரை அகலமாகிறது, வடக்கே பூந்துறை, வலியதுறை எல்லாம் தேய்கிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்தான் காரணமா, கடலின் மாற்றமா என்ற சண்டை 2022இல் பெரிய போராட்டமாகவே வெடித்தது. காரணம் எதுவானாலும் வீடு இழந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தொழில் செய்யும் மீனவர்கள். கடலை நன்றாக அறிந்த அவர்களே முகாம்களில் இருந்த இடத்தில், நாம் காட்சிக்காகப் போய் மனை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. இது என் சொந்த அபிப்பிராயம், பொறியியல் கணக்கு அல்ல.

இன்னொன்று, கள்ளக்கடல். நம் பக்கத்துக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பிள்ளைகளுக்கு லீவு விடும் நேரத்தில். 2024 மே மாதம் நம் குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது இதே எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. திருவனந்தபுரத்தில் குடியேறினால் அதைப் பார்க்கும் பழக்கம் வீட்டில் வேண்டும்.

இனி எங்கே வீடு பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன்.

திருவனந்தபுரம் குன்றும் பள்ளமுமான ஊர். ஒரே தெருவின் மேல்முனையில் இருப்பவர் மழையை ஜன்னல் வழியே ரசிப்பார். கீழ்முனையில் இருப்பவர் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டிருப்பார். அதனால் பகுதியின் பேரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 2023 அக்டோபர் மழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம் போன்ற ஊர் நடுவிலுள்ள இடங்களிலேயே வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது, ஆமையிழஞ்சான் தோடு (ஓடை) நிரம்பி. அதே மழையில் தெற்றியாறு பொங்கி உங்கள் டெக்னோபார்க் வாசலிலும் தண்ணீர் நின்றது. கழக்கூட்டம், குளத்தூர்ப் பக்கம் ‘ஆபீசுக்கு நடந்தே போகலாம்’ என்று பிளாட் காட்டுவார்கள். அதில் பாதி ஓடையோரம், ஏலா எனும் வயலோரம். அந்த மழையன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று பில்டரிடம் கேட்காதீர்கள். எதிரே டீக்கடையில் கேளுங்கள். பழைய மதில்களில் சேற்றுக் கோடு தெரியும். வீட்டு மின்மீட்டரை வழக்கத்தை விட உயரத்தில் தூக்கி வைத்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் நிலைமையில் கணவர் தெற்கே போக வேண்டும், நீங்கள் வடக்கே. கவடியார், சாஸ்தமங்கலம் மேட்டுப்பகுதி, நிழல் மரங்கள், நல்ல பள்ளிகள், எல்லாம் உண்டு. விலை கட்டாது, கணவருக்குத் தினமும் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். பேரூர்க்கடை, குடப்பனக்குன்று பக்கம் காற்று அருமை, பொன்முடிக்குப் போக வசதி, ஆனால் மார்த்தாண்டத்துக்கு ரொம்பத் தள்ளி. உள்ளூர் என்ற பேருள்ள பகுதி, ஸ்ரீகார்யம் இவற்றின் போக்குவரத்து நெரிசலைப் பற்றி உங்களுக்கே தெரியும். நேமம், பாப்பனங்கோடு மலிவு. கணவர் பழைய நெடுஞ்சாலையில் பாலராமபுரம் சந்திப்பைத் தாண்டுவதற்குள் கடை திறக்கும் நேரம் போய்விடும். ரயிலில் போகிறவராக இருந்தால் அது வேறு கதை.

என் தேர்வு திருவல்லம், பாச்சல்லூர், வெள்ளாயணி. காரணம் பைபாஸ். திருவல்லத்திலிருந்து கழக்கூட்டம் இருபது கிலோமீட்டருக்குள், தெற்கே காரோடு மாநில எல்லை ஏறக்குறைய இருபத்தைந்து. இருவருக்கும் ஒரே சாலை, எதிரெதிர்த் திசை. திருவல்லத்தில் சுங்கச்சாவடி இருப்பதால், வீடு அதற்கு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து உங்களில் ஒருவருக்குத் தினச் செலவு உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கான மாதப் பாஸ் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட நடை, சைக்கிள் எல்லாவற்றுக்கும் அந்தப் பகுதிதான் சரி. வெள்ளாயணி நன்னீர்க் காயல். அதையொட்டிய புஞ்சக்கரி வயல்வெளியில் விடிகாலையில் சைக்கிள்காரர்களும், கேமராவோடு பறவை பார்க்க வருகிறவர்களும்தான் கூட்டம். அக்டோபருக்கு மேல் வலசைப் பறவைகள் வரும். பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை போனைத் தேட மாட்டார்கள். கோவளம் சில கிலோமீட்டர்தான், நினைத்த மாலையில் போகலாம். பூவாறில் நெய்யாறு கடலில் சேரும் இடம், நெய்யாற்று அணை எல்லாம் அரை நாள் வேலை. ஆனால் வீட்டை மேட்டில் பாருங்கள். காயலைச் சுற்றியுள்ள தாழ்வான மனைகளில் ‘நிலம்’ கணக்கில் உள்ளவை நிறைய. மறுபடியும் அதே வலையில் விழ வேண்டாம். தோட்டம் வைத்த பழைய வெட்டுக்கல் வீடு ஏதாவது விற்பனைக்கு வந்தால் தயங்காமல் போய்ப் பாருங்கள், என் கண்ணுக்கு அவை புதிய பிளாட்டுகளை விட நல்லவை. கிணறு இருந்தால், கழிவுக் குழி அதிலிருந்து ஏழரை மீட்டராவது தள்ளி இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துத்தான். நகரின் பெரும்பகுதிக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை.

கடல் தெரிந்தே ஆக வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், கோவளம், பாச்சல்லூர் மேட்டில் இருக்கும் பிளாட்டுகளைப் பார்க்கலாம். பார்க்கப் போகும்போது பால்கனிக்கு ஓடாதீர்கள். மொட்டைமாடிக்கு ஏறும் கடைசிப் படிக்கட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே யாரும் அக்கறையாகப் பூச மாட்டார்கள், அதனால் பொய் சொல்லாத இடம் அது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியை விடப் பருமனானது, உள்ளேயிருந்து நெருக்கி மேற்பூச்சைப் பிளக்கும். முதலில் கம்பி ஓடும் நேரில் மெல்லிய வெடிப்பு, அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் பாளமாக உதிரும். ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும், உள்ளே விட்டுப்போனது பொத்தென்று கேட்கும். புதிதாகப் பூசிப் பெயின்ட் அடித்த பீம் ஒன்று மட்டும் தனியாகப் பளபளத்தால் அதைத்தான் முதலில் தட்ட வேண்டும். புதுக் கட்டடமென்றால் எம்30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டா, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர் விட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கடலோரத்துக்கு இந்தியத் தரக்குறிப்பு 456 கேட்கும் அளவு அது. அலைத் துளி நேரடியாகத் தெறிக்கும் இடமென்றால் இன்னும் ஒரு படி மேலே. இரும்பு ஜன்னலும் கிரில்லும் வேண்டாம். ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கு வருஷாவருஷம் செலவு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நீச்சல் பற்றி ஒரு வார்த்தை. கடலில் கற்றுக்கொடுக்காதீர்கள். கோவளத்தில் லைஃப்கார்டு இருக்கிறார்கள், அவர்கள் சிவப்புக் கொடி நட்டால் கால்கூட நனைக்கக் கூடாது. ஜூன் தொடங்கி மழைக்காலம் முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். குளத்தில் பயிற்சியாளர் வைத்துக் கற்றுக்கொள்ளட்டும், வெள்ளயம்பலத்தில் வசதி உண்டு.

எல்லை தாண்டுவதில் சில சில்லறை விஷயங்கள். கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம் என்று 2017இல் சட்டம் வந்தது, சி.பி.எஸ்.இ.க்கும் சேர்த்துத்தான். சின்னவர் சமாளித்துவிடுவார். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போதே எழுத்துப் பழக்குங்கள், சேரும் பள்ளியில் மொழி விலக்கு பற்றியும் கேளுங்கள். டி.என். வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்து ஓட்டினால் பதிவை மாற்ற வேண்டும். பத்திரச் செலவுக்கு முத்திரைத்தாள் 8, பதிவுக்கட்டணம் 2, ஆக 10 சதவீதம் எடுத்து வையுங்கள். மாமனாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நம்ம குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் நங்கையும் பத்மநாபபுரம் சரஸ்வதியும் வருஷம்தோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போய்த் தங்குகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. அவர்கள் முடிந்ததும் திரும்பிவிடுகிறார்களே என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வருஷம் அந்தப் பகுதியிலேயே வாடகைக்கு இருங்கள். கேரளப் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. மே மாதம் குடிபோனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையையும் துலாவர்ஷத்தையும் (வடகிழக்குப் பருவமழை) ஒரே வருஷத்தில் பார்த்துவிடலாம். மனை தேட அதைவிட நல்ல பருவம் கிடையாது, மழை விட்ட மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். கணவரின் பயணமும் உங்கள் பயணமும் உண்மையில் எவ்வளவு நேரம் தின்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

புரோக்கரிடம் இந்த வாரமே இவற்றைக் கேளுங்கள்: முன்னாதாரம் (மூலப் பத்திரம்), இந்த ஆண்டுக் கரம் (நிலவரி) தீர்த்த ரசீது, குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று), கைவசச் சான்று (அனுபவச் சான்று), கிருஷி பவன் எனும் வேளாண் அலுவலகத்திலிருந்து டேட்டா பேங்கில் அந்த சர்வே எண் இருக்கிறதா இல்லையா என்ற விவரம், கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் மனையின் இடம். எல்லாம் மலையாளத்தில் இருக்கும், எனக்கு அனுப்பினால் படித்துச் சொல்கிறேன். ‘அட்வான்ஸ் கொடுத்தாத்தான் காகிதம்’ என்று அவர் சொன்னால், அந்த மனையைப் பற்றி மேற்கொண்டு எழுதிக் கேட்கவும் வேண்டாம்.